‘பாணி’ என்ற ஒரு சொல்

சென்ற ஆண்டு குடும்ப நிகழ்வொன்றுக்காகப் பாரிஸ் சென்றிருந்தபோது, புறநகர் ஒன்றில் வசிக்கும் நண்பர் ஒருவர் தமது வீட்டுக்கு அழைத்தார். ஊரில் எங்களுக்கு அடுத்த தெருக்காரர். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். உணவகச் சமையலறையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வேலை செய்பவர். சாப்பாடு முடிந்ததும் உள்ளறைக்குள் சென்றவர், துவாயால் சுற்றிய ஒரு பொருளைக் குழந்தையைத் தூக்கிவருவதுபோல இரு கைகளாலும் ஏந்தி வந்து மேசைமீது வைத்தார்.

துவாயை விலக்கியதும் ஒரு பூச்சாடி தெரிந்தது. ஏறத்தாழ ஒன்றரை அடி உயரம். அடர்ந்த நீல நிறம்; அதன்மேல் பொன் வேலைப்பாடு. நடுவில் முட்டை வடிவச் சட்டத்துக்குள் தோட்டமொன்றில் அமர்ந்திருக்கும் காதலர் இருவரின் ஓவியம். ஓவியத்தின் மூலையில் ஓவியரின் பெயர். பாதமும் இரு பக்கக் கைபிடிகளும் பொன்முலாம் பூசிய வெண்கலம். கவிழ்த்துப் பார்த்தால், அடியில் ஒன்றோடொன்று பின்னிய இரண்டு ‘எல்’ எழுத்துகள். அவற்றின் நடுவே ‘டி’ என்ற எழுத்து.

“அண்ணை, நீங்கள் பேப்பர்க்காரர். நாலு இடத்தில விசாரிச்சுச் சொல்லுங்கோ. இதை வித்தால் நான் வேலையை விடலாமோ?” என்று பாதி பகிடியாகவும் பாதி உண்மையாகவும் கேட்டார்.

அதற்கு அவர் கொடுத்த விலை 2,800 யூரோ. மகளின் மேற்படிப்புக்கென ஒதுக்கி வைத்திருந்த பணத்தில் பெரும்பகுதி அது. மனைவி அந்நேரம் அடுக்களையில் பாத்திரங்களைச் சற்று ஓசையோடு கழுவிக்கொண்டிருந்ததற்குக் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

நண்பருக்கு இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2022 ஒக்டோபரில் பாரிஸுக்கு அண்மையிலுள்ள ஃபொந்தெய்ன்புளோவில் நடந்த ஏலம் ஒன்று உலகச் செய்தியானது. அது ஒரு சீனப் பூச்சாடி. இருபதாம் நூற்றாண்டில் செய்யப்பட்ட சாதாரணப் பொருள் என்று கருதி, 1,500 முதல் 2,000 யூரோ வரை போகும் என நிபுணர் மதிப்பிட்டிருந்தார். ஆனால், அது பதினெட்டாம் நூற்றாண்டுக்குரியது என்று நம்பியவர்கள் போட்டி போட்டுக் கேட்டதில் 77 இலட்சம் யூரோவுக்கு ஏலம் போனது. கட்டணங்களையும் சேர்த்தால் 91 இலட்சத்துக்கு மேல். பாட்டியின் வீட்டிலிருந்து வந்த ஒரு சாடி ஒரே நாளில் ஒரு பரம்பரையைச் செல்வந்தராக்கிய கதையைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுள் என் நண்பரும் ஒருவர். அன்றிலிருந்து அவரது ஞாயிற்றுக்கிழமைகள் பழம்பொருள் சந்தைகளில் கழிந்தன.

அந்தக் கதையில் அவர் கவனிக்காத ஒன்று உண்டு. சாடியின் காலம் பற்றிய கருத்து வேற்றுமை அந்த ஏலத்தோடு தீர்ந்துவிடவில்லை. நிபுணரின் சேவையை ஏல நிறுவனம் நிறுத்திக்கொண்டது என்பது உண்மை. ஆனால், விலை உயர்ந்தது என்பதற்காக ஒரு பொருளின் வயது உயர்ந்துவிடாது. எத்தனை பேர் நம்பினார்கள் என்பதைத்தான் விலை காட்டும். அவர்கள் நம்பியது சரியா என்பதை அது காட்டாது. இது பூச்சாடிகளுக்கு மட்டும் உரிய உண்மையல்ல.

நண்பரின் சாடிக்கு வருவோம். பின்னிய இரண்டு ‘எல்’ எழுத்துகள் பிரெஞ்சு அரசர் லூயியின் பெயரெழுத்துகள். செவ்ர் அரச பீங்கான் தொழிற்சாலையின் முத்திரை. ஐரோப்பியப் பீங்கான் சேகரிப்பாளர்களிடையே செவ்ர் என்ற பெயருக்கு உள்ள மதிப்பு, நம்மவரிடையே காஞ்சிபுரம் என்ற பெயருக்குப் பட்டில் உள்ள மதிப்பைப் போன்றது. பெயரைக் கேட்டவுடனேயே விலை ஏறிவிடும்.

அத்தொழிற்சாலை 1740இல் பாரிஸின் கிழக்கிலுள்ள வின்சென் கோட்டையில் தொடங்கப்பட்டது. 1756இல் பாரிஸுக்கும் வெர்சாய்க்கும் இடைப்பட்ட செவ்ர் என்ற ஊருக்கு இடம் மாறியது. 1759இல் பதினைந்தாம் லூயி அதனை முழுமையாகத் தமதாக்கிக்கொண்டார். ஆண்டு முடிவில் வெர்சாய் அரண்மனையில் தமது அறைகளிலேயே புதிய பீங்கான்களைப் பரப்பி வைத்து விற்பனை நடத்தினார் அந்த மன்னர். அரசரே கடை விரிக்கும்போது வாங்காமல் திரும்பும் துணிவு எந்தப் பிரபுவுக்கு இருக்கும்?

அக்காலத்துச் சாடிகளுள் மிகப் புகழ்பெற்றது, கப்பல் வடிவில் அமைந்த நறுமணச் சாடி. பாய்மரக் கயிறுகளும் கொடியும் கொண்ட அதன் மூடியில் வாசனை வெளிவருவதற்கான துளைகள் நிறைந்திருக்கும். அவ்வளவு துளைகளிட்ட மென்மையான களி, சூளைக்குள் வளையாமலும் வெடிக்காமலும் வெளிவருவதே பெரும்பாடு. இன்று உலகில் எஞ்சியிருப்பனவாக அறியப்பட்டவை 10 மட்டுமே. அவற்றுள் 3 இங்கிலாந்தின் வாடெஸ்டன் மாளிகையில் உள்ளன. மன்னரின் அன்புக்குரிய மதாம் பொம்பதூரிடம் இருந்த ஒன்று பாரிஸின் லூவ்ர் நூதனசாலையில் இருக்கிறது.

நண்பரை நான் அங்கே அழைத்துச் சென்றேன். கண்ணாடிப் பேழைக்கு முன்னால் நெடுநேரம் நின்றவர், “இதில வரைஞ்சவற்ற பேர் இல்லையே அண்ணை!” என்றார். அவரது சாடி பற்றிய ஐயம் அவருக்கே முதன்முதலில் எழுந்த கணம் அதுவென்று நினைக்கிறேன். பதினெட்டாம் நூற்றாண்டில் செவ்ரில் வேலை செய்த ஓவியர்கள் தமது ஓவியத்தின் மூலையில் பெயரெழுதிக்கொண்டவர்கள் அல்லர். சாடியின் அடியில், அரசரின் முத்திரைக்குப் பக்கத்தில், ஒரு புள்ளியோ ஒரு கோடோ ஒரு சிறு பூவோ இட்டார்கள். அதுவே அவர்களது கையொப்பம். சாடியின் முகத்தில் ஓவியரின் பெயரைப் பெரிதாக எழுதும் வழக்கம் பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டினுடையது. வாங்க வருபவரின் கண்ணில் படவேண்டும் என்பதற்காக எழுதப்பட்டது.

அடுத்த வாரம், இலவசமாக மதிப்பீடு செய்யும் ஏல நிலையம் ஒன்றுக்குச் சாடியுடன் சென்றோம். அங்கிருந்த பெண் நிபுணர் இரண்டு நிமிடங்களுக்கு மேல் எடுத்துக்கொள்ளவில்லை. முதலில் அடியிலிருந்த ‘டி’ என்ற எழுத்தைக் காட்டினார். செவ்ர் முத்திரையின் நடுவிலுள்ள எழுத்து, ஆண்டைக் குறிப்பது. ‘ஏ’ என்றால் 1753. அந்த வரிசையில் ‘டி’ என்றால் 1756. அதன்பின் சாடியைச் சாளரத்து வெளிச்சத்தில் பிடித்து, ஓவியத்தின்மேல் விரலை ஓட்டச் சொன்னார். வண்ணங்கள் மெருகின்மேல் தனியாக நின்றன. களி தூய வெண்மையாகவும் குளிர்ச்சியாகவும் இருந்தது. “இது கடினக் களிப் பீங்கான். 1756இல் செவ்ரில் இது இல்லை” என்றார். அவ்வளவுதான்.

இதன் பொருளைச் சற்று விளக்க வேண்டும். சீனர்கள் பல நூற்றாண்டுகளாகச் செய்துவந்த உண்மையான பீங்கானுக்குக் கயோலின் என்ற வெண்களி வேண்டும். ஜேர்மனியின் மைசனில் 1710 முதலே அது கைவந்துவிட்டது. பிரான்ஸிடம் அந்த மண் இருக்கவில்லை. எனவே, மணலையும் வேறு கனிமங்களையும் கலந்து உருக்கி அரைத்து, பீங்கானைப் போலத் தோன்றும் ‘மென்களி’யை உருவாக்கினார்கள். அதன் மெருகு தடித்தது. வண்ணங்கள் அதற்குள் அமிழ்ந்து பட்டுப்போல் மிளிரும். 1768 அளவில்தான் லிமோஜ் நகருக்குத் தெற்கே சேன்-திரியே என்ற ஊரில் கயோலின் இருப்பது உறுதியானது. அவ்வூர் வைத்தியர் ஒருவரின் மனைவி, துணி வெளுப்பதற்குப் பயன்படுமோ என்று எடுத்துப் பார்த்த வெள்ளை மண் அது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. அதற்குப் பின்னரே செவ்ரில் கடினக் களிப் பீங்கான் பிறந்தது.

ஆகவே, 1756 என்று முத்திரை சொல்கிறது. 1768க்கு முன் நான் இங்கு வரவில்லை என்று மண் சொல்கிறது. இருவரில் ஒருவர் பொய்யர். மண்ணுக்குப் பொய் சொல்லத் தெரியாது.

எனக்கு அந்த இடத்தில் என் ஆசிரியபீட நாட்கள் நினைவுக்கு வந்தன. தொண்ணூறுகளில் ஓர் இரவு, பக்கம் முடிக்கும் அவசரத்தில், அமைப்பொன்றின் கடிதத்தலைப்பில் வந்த அறிக்கையை முன்பக்கத்துக்கு அனுப்பியவன் நான். முத்திரை இருந்தது; கையொப்பம் இருந்தது; திகதியும் இருந்தது. மறுநாள் காலை அவ்வமைப்பு அடியோடு மறுத்தது. எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: அவர்கள் பல மாதங்களுக்கு முன்பே காலிசெய்துவிட்ட அலுவலகத்தின் முகவரி அந்தக் கடிதத்தலைப்பில் இருந்தது. நான் முத்திரையைப் பார்த்தேன், தாளைப் பார்க்கவில்லை. எங்கள் செய்தி ஆசிரியர் என்னை ஏசவில்லை. திருத்தம் வெளியிடும் பொறுப்பை என்னிடமே கொடுத்தார். அந்த ஆறு வரிகளை எழுதியதைப்போல வேறெதையும் நான் சிரமப்பட்டு எழுதியதில்லை.

போலி செவ்ர் எப்படி இவ்வளவு பெருகியது என்பதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அதில் தொழிற்சாலைக்கும் பங்குண்டு. 1800 முதல் 1847 வரை செவ்ரின் இயக்குநராக இருந்தவர் அலெக்சாந்தர் புரொங்னியார் என்ற அறிவியலாளர். புரட்சிக்குப் பின் வெறுமையாகிப்போன தொழிற்சாலையை நிமிர்த்தியவர். அங்கே பீங்கான் நூதனசாலையை உருவாக்கியவர். பெருமனிதர்தான். ஆனால், பணத் தட்டுப்பாட்டில், களஞ்சியத்தில் கிடந்த வண்ணம் தீட்டப்படாத பழைய மென்களிப் பாத்திரங்களை அவர் விற்றுவிட்டார். அவற்றை வாங்கிய பாரிஸ், இலண்டன் வணிகர்கள் பழைய பாணியில் ஓவியம் தீட்டி, பழைய செவ்ர் என்று விற்றார்கள். பாத்திரம் அசல், ஓவியம் போலி. இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

அந்த இருப்பும் தீர்ந்தபின், சாடியையே புதிதாகச் செய்து பழைய முத்திரையை இடத் தொடங்கினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் புதுப் பணக்காரர்களுக்கு அரண்மனை அலங்காரம் தேவைப்பட்டது. அரண்மனையில் இருந்தவையோ 1793-94இல் புரட்சி அரசு நடத்திய வெர்சாய் ஏலத்தில் 17,000க்கும் மேற்பட்ட தொகுதிகளாகப் பிரிந்து உலகெங்கும் சிதறிவிட்டிருந்தன. தேவை இருந்தது, அசல் இல்லை, போலி பிறந்தது. நண்பரின் சாடி அந்தக் கூட்டத்தில் ஒன்று. ஏறத்தாழ நூற்றிருபது வயது இருக்கலாம் என்றும், ஏலத்தில் முந்நூறு யூரோ கிடைத்தால் அதிர்ஷ்டம் என்றும் அந்தப் பெண் சொன்னார்.

இனித்தான் நான் சொல்லவந்த விடயம் வருகிறது. விற்றவர், “செவ்ர், பதினெட்டாம் நூற்றாண்டு” என்று வாயால் திரும்பத் திரும்பச் சொன்னதாக நண்பர் உறுதியாகக் கூறுகிறார். நான் பற்றுச்சீட்டைக் கேட்டேன். பத்திரமாக வைத்திருந்தார். அதில் இருந்தது ஒரே வரி: ‘செவ்ர் ஸ்டைல் பூச்சாடி.’ நூற்றாண்டு இல்லை. ஆண்டு இல்லை.

நம்மவருக்கு ‘ஸ்டைல்’ என்பது புகழ்ச்சிச் சொல். நண்பரும் அதை அப்படித்தான் வாசித்திருக்கிறார். பிரெஞ்சுச் சட்டத்தில் அது கைகழுவும் சொல். 1981 மார்ச் 3ஆம் திகதிய அரசாணை ஒன்று, கலைப்பொருள் விற்பனையில் எந்தச் சொல்லுக்கு என்ன பொறுப்பு என்று வரையறுத்திருக்கிறது. ஒரு பொருளின் பெயரை அடுத்து நேராக ஒரு நூற்றாண்டையோ காலப்பகுதியையோ எழுதினால், அப்பொருள் அக்காலத்தில்தான் செய்யப்பட்டது என்று விற்பவர் உத்தரவாதம் தருகிறார். ஆனால் ‘பாணி’, ‘வகை’, ‘சுவையில்’, ‘முறையில்’ என்ற சொற்கள் இருந்தால், கலைஞருக்கோ காலத்துக்கோ எந்த உத்தரவாதமும் இல்லை. ‘செவ்ர் பாணி’ என்றால் ‘செவ்ர் அல்ல, அப்படித் தோன்றுகிறது, அவ்வளவே’ என்று பொருள்.

இந்த அரசாணையை நான் குறை சொல்லவில்லை. சொல்லுக்குச் சட்டம் விலை வைத்திருக்கும் நாட்டை, சொல்லால் பிழைக்கும் நான் எப்படிக் குறை சொல்வேன்? எங்கள் தொழிலிலும் ‘கொல்லப்பட்டனர்’ என்பதற்கும் ‘கொல்லப்பட்டதாகக் கூறப்படுகிறது’ என்பதற்கும் இடையில் ஒரு மலையே இருக்கிறது. ஆனால், அந்த அரசாணையில் ஒரு சிறு நிபந்தனை உண்டு. பொருளின் தன்மை, உட்கூறு, பிறப்பிடம், வயது ஆகியவை பற்றித் தாம் கூறியவற்றை விற்பவர் எழுத்தில் தரவேண்டும், வாங்குபவர் கேட்டால்.

‘கேட்டால்.’ இந்த ஒரு சொல்தான் என்னை உறுத்துகிறது. கேட்கவேண்டும் என்று அறிந்தவர் யார்? பழக்கப்பட்ட சேகரிப்பாளர் அறிவார். வழக்கறிஞரின் மகன் அறிவான். சமையலறையில் நின்று இருபது ஆண்டுகளாகப் பிரெஞ்சு மொழியைக் காதால் மட்டும் கற்றவர் அறியமாட்டார். அறிந்தவனைக் காக்கும் சட்டத்தைவிட அறியாதவனைக் காக்கும் சட்டமே பெரிது. விற்பவர் வாயால் சொன்னதைக் கேளாமலே எழுதிக் கொடுக்கவேண்டும். ‘பாணி’ என்று எழுதினால் அதன் பொருளை அதன் கீழேயே ஒரு வரியில் விளக்கவேண்டும் என்பதே என் கருத்து. நேர்மையான வணிகருக்கு இதனால் ஒரு வரி எழுதும் சிரமத்தைத் தவிர வேறு நட்டம் இல்லை.

பழம்பொருள் வாங்குவது பணக்காரரின் பொழுதுபோக்கு, ஏமாந்தால் ஏமாறட்டும் என்று சிலர் சொல்லக்கூடும். பணக்காரர் ஏமாறுவது குறைவு. அவர்களுக்கு நிபுணர்கள் இருக்கிறார்கள். ஒரே நாளில் விடிவு வந்துவிடும் என்று நம்ப வேண்டிய நிலையில் இருப்பவனே ஏமாறுகிறான். சீட்டுக் காசைத் தொலைத்தவர்களும், முகவரிடம் ஏமாந்து நடுவழியில் நின்றவர்களும் நம்மிடையே குறைவா? பேராசை என்று அதனைத் தள்ளிவிட என்னால் முடியவில்லை. நண்பருடையது களைத்துப்போன ஒருவரின் ஆசை.

பேராசை இல்லை என்பதால் அவரிடம் தவறே இல்லை என்றும் நான் சொல்லமாட்டேன். வாங்குவதற்கு முன் ஒரு ஞாயிறு லூவ்ருக்கோ, செவ்ர் நூதனசாலைக்கோ போயிருக்கலாம். அந்தத் தொழிற்சாலை இன்றும் இயங்குகிறது. களி பிசைபவரும் பொன் தீட்டுபவரும் கையாலேயே வேலை செய்கிறார்கள். அசலை ஒருமுறை அண்மையில் நின்று பார்த்த கண்ணை ஏமாற்றுவது கடினம். முத்திரையை மனப்பாடம் செய்தவனை ஏமாற்றுவது மிக எளிது. ஏனெனில், சாடி முழுவதிலும் நகலெடுக்க ஆகச் சுலபமான பகுதி அந்த முத்திரைதான்.

நண்பரின் சாடியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அதை யாரோ ஒருவர் சூளையிலிட்டார். யாரோ ஒருவர் அந்தக் காதலரின் முகங்களைக் குனிந்திருந்து வரைந்தார். அவருக்குக் கூலி எவ்வளவு கிடைத்ததோ தெரியாது. அவரது வேலையில் பொய் இல்லை. அடியில் இரண்டு ‘எல்’களையும் ஒரு ‘டி’யையும் இட்டபோது முதல் பொய் பிறந்தது. நூறாண்டுக்குப் பின் ஒருவர் அதை வாயால் பெருக்கி, எழுத்தில் சுருக்கியபோது இரண்டாவது பொய் பிறந்தது.

விற்றவரிடம் திரும்பிச் சென்றோம். அவர் மிக மரியாதையாகப் பற்றுச்சீட்டை வாங்கி, அந்த ஒரு சொல்லின் கீழ் விரலை வைத்துக் காட்டினார். அவர் எழுதியதில் தவறில்லை. வாயால் சொன்னதற்குச் சாட்சியும் இல்லை. திரும்பும் வழியில் நண்பர் பேசவில்லை. ரயிலை விட்டு இறங்கும்போது, “மகளுக்கு நான்தான் சொல்லவேணும்” என்று மட்டும் சொன்னார்.

சொல்லிவிட்டார். பகுதிநேர வேலை ஒன்றைத் தேடிக்கொண்ட அந்தப் பிள்ளை, தகப்பனை ஒரு வார்த்தையும் கடிந்துகொள்ளவில்லையாம். அதுதான் தமக்குத் தாங்கமுடியவில்லை என்று நண்பர் பின்னர் தொலைபேசியில் சொன்னார்.

உலகெங்கும் பரந்து வாழும் நம்மவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். பூச்சாடியானாலும் சரி, வீடானாலும் சரி, வேலை ஒப்பந்தமானாலும் சரி, வாயால் சொன்னதைத் தாளில் கேளுங்கள். தாளில் வந்ததும், உங்களுக்கு நன்றாகத் தெரிந்ததாகத் தோன்றும் சொல்லின் பொருளை மீண்டும் ஒருமுறை விசாரியுங்கள். எழுதித்தர மறுப்பவரிடம் வாங்காமல் வந்துவிடுங்கள். அவர் மறுப்பதே உங்களுக்குத் தரும் விடை.